கல்கத்தா சுத்திப் போனா இன்னா?

ஏணியின் பாதியில் நின்றபடியே அருள்தாஸ் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுக்கிறார். வயர்க் குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டிய சிமெண்டுத் தூள் அவர் புருவம் முழுக்கப் படிந்திருக்கிறது. திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் வங்காள விரிகுடாவை இழுத்துப் பெரிதாக்குகிறார்.

“கல்கத்தா சுத்திப் போனா இன்னா டீச்சர்? ரயில்ல கல்கத்தா. அங்கேர்ந்து கப்பலு. நேரா அந்தமான்ல எறங்கிடலாம். செலவு கம்மியாவுது.”

“லீவு எவ்வளவு ஆகும்?”

“அது ஆவும்” என்று ஒப்புக்கொள்கிறார். கைபேசி மறுபடி பைக்குள் போகிறது. கட்டர் மெஷின் அலறத் தொடங்குகிறது.

கரிக்கலாம்பாக்கத்தில், போன வருடம் வரை நெல் விளைந்து இப்போது மனைகளாகப் பிரித்துக் கல் நட்ட இடத்தில், நானும் என் கணவர் உலகநாதனும் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நான் பாகூரில் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் நேரே கட்டடத்துக்கு வந்துவிடுவேன். அருள்தாஸ் எங்கள் வயர்மேன். அந்த மாதங்களில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அந்தமானுக்குப் போக எத்தனை வழி உண்டு என்பது மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, காதில் பென்சில், பையில் டெஸ்டர். டைல்ஸ் போட்டு மெழுகித் துடைத்த அறைக்குள்ளும் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டார். கேட்டால், “இது செருப்பு இல்ல டீச்சர், உயிரு” என்பார். இரும்பு எதுவானாலும், அது வெறும் ஜன்னல் கம்பியாக இருந்தாலும், முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். “கட்டர் ப்ளக்க எடுத்தனா?” எடுத்திருப்பார். ஒருநாளும் எடுக்காமல் போனதில்லை. ஆனாலும் திரும்பி வருவார்.

வில்லியனூருக்குச் சாமான் வாங்கப் போனால் பெரிய சாலையில் போக மாட்டார். லாரிகள் வருமாம். வாய்க்கால் ஓரமாக, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள மண் பாதையில் மொபெட்டை உருட்டிக்கொண்டு போய், பாதி நாளைத் தொலைத்துவிட்டு வருவார். அந்தப் பாதையில் பாம்பு வருமே என்றேன் ஒருமுறை. “பாம்பு நின்னு பாக்கும் டீச்சர். லாரிக்காரன் பாப்பானா?”

இப்படிப்பட்டவருக்குக் கடலுக்கு அடியில் போகும் சுற்றுலா எங்கிருந்து வந்தது என்றால், அது அவருடைய ஆசை இல்லை. அவர் மனைவி சகாயராணியின் ஆசை. பூரணாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்காருகிறார். பக்கத்து மெஷின் பெண் கல்யாணம் முடிந்து அந்தமான் போய்வந்து, கண்ணாடியும் வாயில் குழாயுமாகக் கடலுக்குள் மிதக்கும் வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் காட்டியிருக்கிறாள். நீச்சல் தெரியாதவர்களையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் காட்டுவார்களாம். அன்றிலிருந்து சகாயராணிக்கு வேறு நினைப்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், மணல் குவியல் ஓரத்தில் என்னோடு உட்கார்ந்து சொன்னார். “எங்க அண்ணனுங்க எல்லாம் கடலுக்குப் போறவங்க டீச்சர். பொம்பளப் புள்ளைய போட்ல ஏத்த மாட்டாங்க. பொறந்ததுலேர்ந்து கடல மேலால பாத்துக்கினேதான் இருக்கன். மீனு எப்படி நீந்துதுன்னு தெரியாது. கொழம்புல கெடக்கறதுதான் தெரியும்.”

வேண்டாம் என்று அருள்தாஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “போலாம் ராணி, போலாம். வழியப் பாத்துக்கினு இருக்கன்” என்பார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் பிரச்சினை.

சென்னையிலிருந்து கப்பல். மூன்று நாள் கடலில் கிடக்க வேண்டும், வாந்தி வரும். விசாகப்பட்டினம் வரை ரயில், அங்கிருந்து கப்பல். ஆனால் அந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்பது நிச்சயமில்லை. கல்கத்தா சுற்றிப் போனால் கப்பல் அடிக்கடி உண்டு. ஆனால் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு வழியையும் அவர் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார். பெட்டியில் எந்தப் பக்கம் படுக்கை, துறைமுகத்துக்கு எந்தப் பேருந்து, அன்று மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது என்று யோசிப்பார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி வந்து, “அது சரிப்படாது டீச்சர்” என்று இன்னொரு வழியைத் தொடங்குவார். எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான். நேராகப் போனால் செலவு அதிகம்.

நான் உதவுகிறேன் என்று ஒருநாள் என் கைபேசியில் தேடினேன். பெங்களூரில் மாறிப் போகும் விமானம் ஒன்று, நேர் விமானத்தைவிட நல்ல மலிவாக வந்தது. ரயில், கப்பல், வழிச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கல்கத்தா வழிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தோஷமாகக் காட்டினேன். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

“ரெண்டு தபா ஏறணும் டீச்சர். ரெண்டு தபா எறங்கணும்.”

“அதனால என்ன?”

“அதுக்குத்தான் சொல்றன்.”

அவர் டெஸ்டரை எடுத்து, இணைப்பே கொடுக்காத ஒரு கம்பியின் முனையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்தது செலவை இல்லை. அவர் சொன்ன எந்த வழியிலும் விமானம் இல்லை.

டெஸ்டரைப் பைக்குள் போட்டுவிட்டு அவரே பேசினார். “கரண்டுன்னா எனக்கு பயம் இல்ல டீச்சர். மெயின் எங்க இருக்குன்னு தெரியும். ஒண்ணுன்னா ஓடிப்போயி ஆஃப் பண்ணிடுவன். மேல போயிட்டா மெயின் எவன் கையில இருக்குது, சொல்லுங்க? ராணிக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மாடியில் இருந்தபோது சகாயராணி தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அவருக்கு ஏரோப்ளேன்னா பயம் டீச்சர். தெரியாத மாதிரியே இருக்கன். தெரிஞ்சிபோச்சின்னா வெக்கப்பட்டுக்கினு, அப்புறம் போவவே மாட்டாரு.”

கடைசியில் சென்னைக் கப்பல் என்று முடிவாகி, கம்பெனியில் விடுப்பும் வாங்கியாயிற்று. கிளம்ப வேண்டிய வாரத்தில் கப்பல் புறப்படும் தேதி தள்ளிப்போனது. விடுப்பு தள்ளிப்போகாது. கடலூரில் நர்சிங் படிக்கும் அவர்கள் மகள் அருள்மொழி, அப்பாவிடம் கேட்காமலே போகவர விமான டிக்கெட் போட்டுவிட்டாள். “பாப்பா போட்டுட்டா டீச்சர்” என்று என்னிடம் சொன்னபோது, யாரோ வீட்டுக் கெட்ட செய்தியைச் சொல்வது போல அவர் குரல் இறங்கியிருந்தது.

எங்கள் புதுமனை புகுவிழா தை கடைசித் திங்கட்கிழமை. அவர்கள் சனிக்கிழமையே திரும்பிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் அருள்மொழிக்குத் திரும்பும் டிக்கெட் கிடைத்தது ஞாயிறு காலைக்குத்தான். அதுவும் சரிதான் என்றோம். “லைன் வந்தா வரட்டும். மெயின மட்டும் நான் வராம போட்றாதீங்க” என்று கேட்டருகே நின்று சொன்னார். உலகநாதனிடம் ஒருமுறை சொன்னார். மேஸ்திரியிடம் ஒருமுறை. பூட்டிவிட்டுக் கிளம்பியவர் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து என்னிடம் ஒருமுறை.

போர்ட் பிளேரில் இறங்கியதும் சகாயராணிதான் பேசினார். சிரிப்பை அடக்கியபடி, “என் கண்ணாடி வளையலு ஒண்ணு ஒடைஞ்சிபோச்சி டீச்சர். எங்க பிடிச்சிக்கினு இருந்தாருன்னு அவருக்கே தெரியல” என்றார். அருள்தாஸ் கைபேசியை வாங்கி, “மீட்டர் வச்சிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து படகில் இன்னொரு தீவுக்குப் போனார்கள். போன அன்றே காற்று எழுந்துவிட்டது. கரையில் சிவப்புக் கொடி. கடலுக்குள் யாரையும் இறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கண்ணாடி அடிவைத்த படகில் ஒருமுறை கூட்டிப்போனார்களாம். கலங்கிய தண்ணீர்தான் தெரிந்ததாம். மாலைதோறும் அருள்தாஸ் கூப்பிடுவார். மீட்டர் வைத்தாகிவிட்டது என்றேன். பந்தல் கால் நட்டாயிற்று என்றேன். சீரியல் பல்புக்காரர் சனிக்கிழமை வருகிறார் என்றதும் பதறிப்போனார். “எங்கேர்ந்து லைன் எடுப்பான்?”

சனிக்கிழமை காலை கடல் அடங்கியது. சகாயராணிக்கு மதியத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அப்போதுதான் கடலுக்குள் முங்கச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்கள் எப்போது ஊர் திரும்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் முடியாது என்றுவிட்டார். எனக்கு அதை அருள்தாஸ் சொன்ன விதம் இது. “கீழ எறங்கி வந்தவங்க ஒரு நாளு முழுக்கப் பறக்கக் கூடாதாம் டீச்சர். ஒடம்புக்குள்ள காத்து குமிழி கட்டிக்குமாம். உயிருக்கே ஆபத்தாம். நாளைக்கிக் காலையில எங்களுக்கு ஏரோப்ளேன்.”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“ராணி வேணாம்னு சொல்றா. பாத்த வரைக்கும் போதும், போலாம்ங்கறா.” பின்னால் அலைச் சத்தம் கேட்டது. “அவ டிக்கெட்ட மாத்தச் சொல்லி பாப்பாகிட்ட சொல்லிட்டன். அவ நாளான்னிக்கி வரட்டும். நான் நாளைக்கி வந்துடறன்.”

“நீங்க தனியாவா?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். பிறகு அவசரமாகச் சொன்னேன். “நீங்களும் அவங்களோடயே இருந்து வாங்க. பாகூர்ல எனக்குத் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் இருக்கார். அவரை வச்சு மெயினைப் போட்டுக்கறோம்.”

“வேற ஆளா? மாடிப்படிக்கு அடியில ஒரு ஜாயிண்ட்டு இருக்குது டீச்சர். கெளம்பற அவசரத்துல போட்டது. சரியாத்தான் போட்டிருப்பன். ஆனா பாக்கணும். திங்கக்கெழம அங்க பசங்க ஓடியாடும். நான் பாக்காம போடக் கூடாது.”

“கப்பல் எதாவது?”

“கேட்டுட்டன். இல்ல.”

“வேற வழி?”

“எல்லாம் கேட்டுட்டன் டீச்சர்.”

இன்னொரு காரணமும் இருந்ததைச் சகாயராணி பின்னால் சொன்னார். “நீ எறங்கறப்ப நான் கரையில நிக்கக் கூடாது. என் மூஞ்சியப் பாத்தா நீ எறங்க மாட்ட” என்றாராம் இவர். போர்ட் பிளேருக்குக் கடைசிப் படகு மாலையில். சகாயராணியின் முறை வருவதற்கும் படகுக்குக் கிளம்புவதற்கும் நேரம் நெருக்கிக்கொண்டு வந்தது. அவர்கள் தங்கியிருந்த லாட்ஜ்காரம்மா கடலூர்ப் பக்கத்துக்காரர். அவர்தான் பார்த்துச் சொன்னது. முதுகில் சிலிண்டரோடு சகாயராணி இடுப்பளவு தண்ணீருக்குள் போகும்வரை அருள்தாஸ் தென்னைமரத்துக்குப் பின்னால் பையோடு நின்றிருக்கிறார். மனைவியின் தலை முங்கியதும் வெளியே வந்திருக்கிறார். மேலே குமிழிகள் வந்துகொண்டிருந்தன. படகுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அந்தக் குமிழிகளைப் பார்த்தபடியே மணலில் பின்பக்கமாக நடந்து, ஆட்டோ வரை வந்து ஏறியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் பூக்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது சகாயராணியின் அழைப்பு வந்தது. “டீச்சர், மேல வந்துட்டன்! அவருக்குப் போட்டுக்கினே இருக்கன், லைன் போவல. நடுக்கடல்ல இருக்காரு. கெடைச்சா சொல்லுங்க டீச்சர், நான் மேல வந்துட்டன்னு. அது தெரியாம அவரு…” மூச்சு வாங்கியது.

“எப்படி இருந்துச்சு?”

“சத்தமே இல்ல டீச்சர். என் மூச்சு மட்டுந்தான் கேக்குது. இவ்ளோ மீனு… ஒண்ணுகூட என்ன ஒரு ஆளாவே மதிக்கல. அதுபாட்டுக்கு அது போவுது.” சிரித்தார். மூக்கை உறிஞ்சினார். “அவருக்குச் சொல்லுங்க.”

நானும் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று அந்தப் பெண் குரல் சலிக்காமல் சொன்னது. சமையல்காரர் எத்தனை பேருக்கு என்று கேட்டது காதில் விழவில்லை. உலகநாதன், “அவருக்குப் பதிலா நீ பயந்துக்கிட்டு இருக்கியா?” என்றார். இருட்டும் நேரத்தில் மணி அடித்தது. ஹலோ என்றுகூட அவர் சொல்லவில்லை.

“இன்னா டீச்சர்? இன்னா ஆச்சி?”

“வந்துட்டாங்க. நல்லா இருக்காங்க. என்கிட்ட பேசினாங்க.”

படகின் ஹாரன் ஒன்று கேட்டது. ஆட்கள் இறங்கும் சத்தம். யாரோ இந்தியில் ஓரமாக நிற்கச் சொல்வது. அவர் எங்கேயோ உட்கார்ந்துவிட்டார் என்று தோன்றியது.

“காது வலிச்சிதாமா?”

“இல்லையாம்.”

“சாப்ட்டாளாமா?”

“அதைக் கேக்கல.”

“கேட்டிருக்கலாம் டீச்சர்” என்றார். பிறகு, “நாளைக்கிக் காத்து எப்படி இருக்கும்னு பாத்துச் சொல்றீங்களா? இங்க நெட்டு வரல.”

பார்த்தேன். போர்ட் பிளேரில் வெயில். சென்னையில் காலையில் மேகம், இடி இருக்கலாம் என்று படம் போட்டிருந்தது. “வெயில்தான்” என்றேன்.

ஞாயிறு முழுக்க எங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம். மாவிலை கட்டினார்கள். பாத்திரங்கள் இறங்கின. அவர் விமானத்தில் ஏறியிருக்கக்கூடிய நேரத்தில் நான் மொட்டை மாடிக்குப் போனேன். வெறும் வானம்தான் இருந்தது. வடக்கே கருமேகம். எதற்காக மேலே வந்தேன் என்று எனக்கே தெரியாமல் இறங்கி வந்தேன். சென்னையில் இறங்கியதும் அவர் பேசவில்லை. சகாயராணியும் இரண்டு முறை கேட்டுவிட்டார். அருள்மொழிக்கு “எறங்கிட்டன்” என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

பொழுது சாயும் நேரம், கேட்டருகே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். தோளில் பை. சட்டையின் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தன. முகம் வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது.

“எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“பஸ்ஸு மாதிரிதான் டீச்சர். ஒண்ணுமே இல்ல. நடுவுல கொஞ்சம் ரோடு சரியில்ல.”

தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நேரே மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஜாயிண்ட்டைப் பிரித்தார். “சரியாத்தான் போட்டிருக்கன்” என்றார். சரியாக இருந்ததையே மறுபடி முறுக்கி, மறுபடி டேப் சுற்றினார். சீரியல் பல்புக்காரர் எடுத்திருந்த லைனைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்திலிருந்து கொடுத்தார். பிறகு எல்லோரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். மெயினைப் போட்டார். வீடு முழுக்க ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர் மட்டும் டெஸ்டரோடு ஒவ்வோர் அறையாகப் போய்க்கொண்டிருந்தார்.

கடைசி அறையும் முடிந்து கூடத்துக்கு வந்தபோது அவர் கைபேசி அடித்தது. சகாயராணி. அருள்தாஸ் உட்கார இடம் தேடுவது போலச் சுற்றிலும் பார்த்தார். நாற்காலியை நகர்த்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கூடத்தின் நடுவில், புது டைல்ஸ் மேல், மெல்ல மல்லாந்து படுத்தார். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

“இன்னாங்க, பயமா இருந்திச்சா?”

“இன்னா பயம்? ஏறுனதும் தூங்கிட்டன் ராணி” என்றார் அருள்தாஸ். இரண்டு கைகளையும் அகல விரித்து, உள்ளங்கைகளைத் தரையோடு தரையாக அழுத்தி வைத்திருந்தார்.